திட்ட மாட்டேன், சொல்லு

நாய்க்கடி பற்றிப் பிள்ளைகளிடம் பேசப் போகிறீர்கள் என்றால் நாய், கிருமி, ஊசி எல்லாவற்றையும் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் சொல்ல வேண்டியது, "கடித்தாலும் பிராண்டினாலும் உடனே வந்து சொல்லு, நான் திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன்" என்பது. சொல்வது சுலபம். சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதுதான் நமக்குக் கஷ்டம்.

நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் நடந்தோ சைக்கிளிலோ வருகிறார்கள். வழியில் கறிக்கடை ஒன்று, அதைத் தாண்டினால் குப்பைமேடு, இரண்டு இடத்திலும் நாய்கள். ஒரு நாள் வகுப்பில், "உங்களில் யாரையெல்லாம் நாய் கடித்திருக்கிறது, இல்லையென்றால் பிராண்டியிருக்கிறது?" என்று கேட்டேன். ஏதோ பரிசு கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, சந்தோஷமாகக் கை தூக்கினார்கள். "வீட்டில் சொன்னவர்கள் மட்டும் கையைத் தூக்கியே வையுங்கள்" என்றதும் பாதிக் கைகள் இறங்கிவிட்டன.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் வந்த பதில்களைக் கேளுங்கள். "அம்மா அடிக்கும்." "அங்க எதுக்குடா போனேன்னு கேப்பாங்க." "அவங்க காம்பவுண்டுல மாங்கா பறிக்கப் போனப்ப கடிச்சுது டீச்சர், எப்படிச் சொல்றது?" அப்புறம் வகுப்பே சேர்ந்து சொன்ன ஒரு பதில், "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்க!"

இந்தப் பதினாலு ஊசியை இவர்களில் யாரும் பார்த்ததே கிடையாது. பார்த்திருக்கவும் முடியாது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் இருக்கிற யாரும் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் தாத்தா பாட்டிகள் பட்ட வலி கதையாக இறங்கி வந்துகொண்டே இருக்கிறது, "நாய்கிட்டப் போனே, தொப்புள்ல ஊசி போடுவாங்க" என்று பிள்ளையை மிரட்ட அது ரொம்ப வசதியாகவும் இருக்கிறது. அந்த மிரட்டலால் பிள்ளை நாயிடம் போகாமல் இருக்குமா என்றால் இருக்காது. போய்க் கடி வாங்கிக்கொண்டு வந்து, கால்சட்டையை இழுத்துக் காயத்தை மறைத்துக்கொள்ளும். ரேபிஸால், அதாவது வெறிநாய்க்கடி நோயால், இறப்பவர்களில் பத்துக்கு நாலு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகள் உயரம் குறைவு, நாயோடு முகத்துக்கு முகம் விளையாடுகிறார்கள், ஓடுகிறார்கள் என்று இதற்குப் பல காரணம் உண்டு, அதில் இந்தச் சொல்லாமல் மறைக்கிற காரணம் ஒன்றைத்தான் நாம் காசு செலவில்லாமல் நாளைக்கே சரி செய்ய முடியும்.

அதனால் நான் ஊசியில் இருந்துதான் ஆரம்பிக்கிறேன். இப்போது அரசு மருத்துவமனைகளில் போடுவது தோலுக்குள் போடுகிற சின்ன ஊசி. ஒரு தடவை போனால் இரண்டு புஜத்திலும் ஒவ்வொன்று, மருந்து 0.1 மில்லிதான், போட்ட இடத்தில் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு வரும். முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நாலு தடவை. சில இடங்களில், முக்கியமாகத் தனியார் ஆஸ்பத்திரிகளில், தசையில் போடுவார்கள், அதற்கு 14ஆம் நாளும் சேர்த்து ஐந்து தடவை போக வேண்டியிருக்கும். வலிக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வலிக்கும், கொஞ்சம்தான் வலிக்கும், அதைச் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். பொய் சொல்லி ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனால் மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும்.

ஊசிக்குப் பிறகு ஒரு கதை சொல்வேன், அது எப்போதும் எடுபடும், ஏனென்றால் கதாநாயகனுக்கு அவர்கள் வயசு. 1885 ஜூலையில் பிரான்சுப் பக்கம் அல்சாஸ் என்ற பகுதியில் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனை வெறிநாய் பல இடங்களில் கடித்துவிட்டது. அவனுடைய அம்மா அவனை பாரிசுக்குக் கூட்டிக்கொண்டு போய் லூயி பாஸ்டரிடம் நிறுத்தினார். பாஸ்டர் மருத்துவர் கிடையாது, வேதியியல் படித்தவர், அந்த மருந்தை நாய்களுக்குத்தான் போட்டுப் பார்த்திருந்தார். மருத்துவர் ஒருவரை வைத்து ஜூலை 6ஆம் தேதி முதல் ஊசி, அப்புறம் வரிசையாக மொத்தம் 13. பையன் பிழைத்துக்கொண்டான், பெரியவனாகி அதே பாஸ்டர் நிறுவனத்தில் காவலராக வேலை பார்த்தார். "அவங்க அம்மா திட்டலையா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். திட்டிக்கொண்டே பாரிசு வரைக்கும் கூட்டிப் போயிருக்கலாம், யார் கண்டது.

நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் தென்னிந்தியாவில் ஒருவருக்கு நாய்க்கடி என்றால் மருந்து இமயமலை அடிவாரத்துக் கசௌலியில்தான் இருந்தது. ரயில் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்த பிறகுதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழி கிடைத்தது. ஊட்டிக்குச் சுற்றுலா போகிற பிள்ளைகளிடம் குன்னூரில் அந்தக் கட்டடத்தைக் காட்டச் சொல்லி நான் கேட்பது உண்டு, யாரும் காட்டுவதில்லை, எல்லோரும் சிம்ஸ் பூங்காவோடு திரும்பி வந்துவிடுகிறார்கள். அன்றைக்கு அத்தனை தூரம் போக வேண்டியிருந்தது. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடுகிறார்கள், அதற்கும் போகாமல் ஒரு பிள்ளை இறந்தது என்று பேப்பரில் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

ஏன் உடனே போக வேண்டும் என்பதைச் சின்னவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன். கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடித்த இடத்தில் இறங்கி, நரம்பு என்ற வரப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளைக்கு நடக்கிறது. நாம் போடுகிற ஊசி சைக்கிளில் போகிறது. இன்றைக்கே சைக்கிளை எடுத்தால் நாம்தான் முதலில் போய்ச் சேருவோம். அது போய்ச் சேர்ந்த பிறகு சைக்கிளை எடுத்துப் பிரயோசனம் இல்லை. பெரும்பாலும் கடித்து இரண்டு மூன்று மாதத்தில் நோய் தெரிய ஆரம்பிக்கும், ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருஷம் கழித்தும் வரலாம். முகத்திலும் தலையிலும் கழுத்திலும் கடித்தால் வரப்பு குட்டை, அதனால் நேரமே இல்லை. அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே கிடையாது என்பதை ஏழாம் எட்டாம் வகுப்புக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புக்குச் சொல்வதில்லை. தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அந்த வயதுக்கு ராத்திரி தூக்கத்தைத்தான் கெடுக்கும். இதை வைத்துப் பயமுறுத்துகிற வீடியோக்கள் போனில் சுற்றுகின்றன, தயவு செய்து பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டாதீர்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும், 15 நிமிடம். இதை வாயால் சொன்னால் ஒரு பிள்ளைக்கும் ஏறாது. நான் செய்து காட்டுகிற முறை இது: கலர் சாக்பீஸைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஒரு பையனின் முழங்கைக்குக் கீழே தடவிவிடுவேன். முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்வேன். தேய்க்கத் தேய்க்க எண்ணெய் வழுக்கும், கலர் பரவும், போகாது. அப்புறம் துணி சோப்புத் துண்டு ஒன்றைக் கையில் கொடுப்பேன். நுரை கட்டி, ரோஸ் நிறத்தில் வழிந்து, கை வெளுத்துவிடும். ரேபிஸ் கிருமியின் மேலே இருப்பதும் ஒரு கொழுப்பு உறைதான், சோப்பு அந்த உறையைக் கரைத்தால் கிருமி செத்துவிடும். இதைச் சொல்லும்போது எல்லோரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிறகு தனக்கும் தடவச் சொல்லி வரிசையில் நிற்பார்கள், அன்றைக்குத் தேங்காய் எண்ணெய்ச் செலவு நம்முடையது.

15 நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. நமக்கே தெரியாது, ஒரு தடவை கடிகாரத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் நின்று பாருங்கள், மூன்றாவது நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். அதனால் வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டோம். இரண்டாம் வாய்ப்பாட்டில் ஆரம்பித்துப் பதினாறு வரை நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய அந்த நேரம் வந்துவிடுகிறது. பதிமூன்றாம் வாய்ப்பாடு தெரியாதவன் என்ன செய்வான் என்று கேட்காதீர்கள், ஏழாம் வாய்ப்பாட்டையே இன்னொரு தடவை சொல்லட்டும். கழுவிய பிறகு வீட்டில் பெட்டாடின் இருந்தால் போடலாம். கட்டுப் போட வேண்டாம், இறுக்கித் துணி சுற்ற வேண்டாம்.

இந்த இடத்தில் பாட்டிகளோடு ஒரு சண்டை இருக்கிறது. எங்கள் ஊரில் நாய்க்கடிக்கு மிளகாய்த்தூள் அப்புவார்கள், சுண்ணாம்பு தடவுவார்கள், மஞ்சளும் நல்லெண்ணெயும் வைப்பார்கள், காப்பித்தூள்கூடப் பார்த்திருக்கிறேன். எரிச்சல் எடுத்தால் விஷம் இறங்குகிறது என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் காயம் புண்ணாகும், கிருமி உள்ளே போக இன்னும் வசதியாகும், அதைவிட முக்கியமாக, ஏதோ வைத்தியம் செய்துவிட்டோம் என்ற திருப்தியில் ஆஸ்பத்திரிக்குப் போவது தள்ளிப்போகும். மந்திரிக்கிறவரிடம் போவதும் அப்படித்தான். பாட்டியிடம் நாம் நேராகப் பேசினால் வாதம்தான் வளரும், பேரன் பேத்தியை அனுப்பினால் வேலை நடக்கிறது. "ஆயா, டீச்சர் சோப்பு போட்டுத்தான் கழுவணும்னு சொன்னாங்க" என்று ஒரு வாண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னால் எந்தப் பாட்டி மிளகாய் டப்பாவை எடுக்கும்?

பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று டி.டி. ஊசி. நாய் கடித்துவிட்டது என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போய், ஒரு டி.டி. போட்டுக்கொண்டு, "ஊசி போட்டாச்சு" என்று நிம்மதியாக வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பள்ளிப் பையன் ஒருவனுக்கே இது நடந்தது, அவனுடைய அப்பா சீட்டைக் காட்டியபோதுதான் தெரிந்தது, அதில் டி.டி.யைத் தவிர ஒன்றும் இல்லை. நல்லவேளை, மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். டி.டி. தனுர்வாதத்துக்கு. அது ரேபிஸைத் தொடக்கூடத் தொடாது. சீட்டில் ஏ.ஆர்.வி. (ரேபிஸ் தடுப்பூசி) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதாவிட்டால் கேளுங்கள்.

ரத்தம் வருகிற ஆழமான கடி, முகத்தில் தலையில் கடி, புண்ணில் நாய் நக்கியது, வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது, இதற்கெல்லாம் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரைக்கும் காவலுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் செலுத்துவார்கள். இது வலிக்கும், இதையும் மறைக்க வேண்டாம். சின்ன சுகாதார நிலையத்தில் அது இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால், முணுமுணுக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

நாலாவது ஊசிதான் எல்லோரும் விடுவது. காயம் ஆறி, பையன் மரம் ஏற ஆரம்பித்திருப்பான், 28ஆம் நாளை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? எங்கள் பள்ளியில் கடிபட்ட பிள்ளையின் தேதிகளை வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைக்கிறோம், பெயர் போடாமல் தேதி மட்டும். மற்ற பிள்ளைகள் அந்தத் தேதி வரும்போது அவனை விடுவதில்லை, "டேய் இன்னைக்கு உனக்கு ஊசி" என்று காலையிலேயே கத்தித் துரத்துகிறார்கள். பழைய சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். முழுசாகப் போட்ட பிள்ளையை மறுபடி நாய் கடித்தால் பெரும்பாலும் இரண்டு தவணையோடு முடிந்துவிடும், அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

இனி நாய். பிள்ளைகள் மனசில் வெறிநாய் என்றால் நாக்கைத் தொங்கப் போட்டு நுரை கக்கிக்கொண்டு ஓடுகிற நாய். அப்படி இருக்கும், சில நாய் அப்படி இல்லாமல் மூலையில் சுருண்டு, தாடை தொங்கி, சாப்பிடாமல் கிடக்கும். அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே நாயின் எச்சிலில் கிருமி வந்துவிடலாம். அதனால் "பார்த்தா நல்ல நாய்தான் டீச்சர்" என்பது கணக்கில் சேராது. கடித்த நாயைப் 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள், ஆனால் அந்தப் பத்து நாளும் காத்திருந்துவிட்டு ஊசி போடலாம் என்று அர்த்தம் இல்லை, முதலில் ஊசி, அப்புறம்தான் நாயைப் பார்ப்பது.

குட்டி நாய்தான் எனக்குப் பெரிய தலைவலி. எங்கள் பள்ளிப் புளியமரத்தடியில் வருஷா வருஷம் ஏதாவது ஒரு நாய் குட்டி போட்டுவிடும், பெண் பிள்ளைகள் பாவாடையில் ஏந்திக்கொண்டு திரிவார்கள். கையெல்லாம் கீறல். "குட்டிதானே டீச்சர், பல்லே சரியா இல்ல, சும்மா விளையாட்டுக்குக் கடிக்குது." குட்டியாக இருந்தாலும் கிருமி கிருமிதான், ரத்தம் வராத கீறலாக இருந்தாலும் ஊசி ஊசிதான். இந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரியவர்களும் இதே வசனத்தைத்தான் பேசுகிறார்கள்.

நாய் துரத்தினால் என்ன செய்வது என்பதை விளையாட்டாகவே பழக்கலாம். 'ஸ்டேச்சூ' தெரியாத பிள்ளை உண்டா? ஒருவன் நாய். மற்றவர்கள் மைதானத்தில் நடக்க வேண்டும். நாய் வந்து முறைத்தால் அப்படியே நின்றுவிட வேண்டும், கை இரண்டும் உடம்போடு ஒட்டி, கண் தன் கால் கட்டைவிரலைப் பார்த்து. நாயின் கண்ணை நேராகப் பார்க்கக் கூடாது, கத்தக் கூடாது, ஓடக் கூடாது. நாய் மோந்து பார்க்கும், சலித்துப் போகும், போய்விடும், அதன் பிறகு மெதுவாகப் பின்னால் நகரலாம். கீழே தள்ளிவிட்டால் குப்புறச் சுருண்டு, கையால் காதையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். நாயாக வருகிறவன் எப்படியும் கிச்சுகிச்சு மூட்டுவான், சிரித்தவர் அவுட். சிரிக்காமல் நிற்கக் கற்றுக்கொள்கிற பிள்ளை நிஜ நாயிடமும் நிற்கும் என்று நான் நம்புகிறேன், பாதியாவது நிற்கும்.

சத்துணவு நேரம் தனிப் பிரச்சினை. தட்டுக் கழுவுகிற குழாயடியில் நாய்கள் வந்து உட்கார்ந்திருக்கும், பிள்ளைகள் மீந்த சோற்றையும் முட்டைத் துண்டையும் கையாலேயே நீட்டுவார்கள். இப்போது மீந்ததையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தொட்டியில் கொட்டிவிடுகிறோம், குழாயடியில் கூட்டம் குறைந்திருக்கிறது. தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டியோடு இருக்கிற நாய் மூன்றிடமும் போகாதே என்பது விதி. கல்லெறிகிறவனுக்கு மட்டும் என்னிடம் திட்டு உண்டு, கடிபட்டதற்குத் திட்டு கிடையாது என்று சொன்னேனே தவிர கல்லெறிந்ததற்குச் சொல்லவில்லை.

கேள்வி கேட்கச் சொன்னால் விடமாட்டார்கள். பூனை கடித்தால்? ஊசி. குரங்கு? ஊசி. எலி, அணில்? பொதுவாக இவற்றிலிருந்து ரேபிஸ் வருவதில்லை, ஆனாலும் டாக்டரிடம் காட்டு. வெறிநாய் கடித்த மாட்டின் பால்? காய்ச்சித்தானே குடிக்கிறோம், பயம் இல்லை, ஆனால் மாட்டைத் தொட்டுப் பார்க்கிறவர் டாக்டரைக் கேட்க வேண்டும். நாய் கடித்தவர் நாய் மாதிரி குரைப்பாரா? குரைக்க மாட்டார், தொண்டைத் தசை இழுக்கும்போது ஒரு மாதிரி சத்தம் வரும், அதைத்தான் ஜனங்கள் அப்படிச் சொல்லிவிட்டார்கள்.

"நாய்க்கே ஊசி போட்டுட்டா?" என்று ஒருவன் கேட்டான், அதுதான் சரியான கேள்வி. ஒரு பகுதியில் இருக்கிற நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் நாயிலிருந்து நாய்க்குப் பரவுவது நின்றுபோகும். கோவாவில் 2013 வாக்கில் தொடங்கி, தெருநாய்களுக்கு ஊசி, பள்ளிகளில் பாடம், கண்காணிப்பு மூன்றையும் சேர்த்துச் செய்து, 2021இல் ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கிற அளவுக்கு வந்தார்கள். நம் ஊரில் அது நகராட்சியும் பஞ்சாயத்தும் செய்ய வேண்டிய வேலை, பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது. பிள்ளைகள் செய்யக்கூடியது, வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் வருஷா வருஷம் என்று அப்பாவை நச்சரிப்பது. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் நாள், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாள். இரண்டையும் ஒட்டி அரசு கால்நடை மருந்தகங்களில் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும், எந்தத் தேதி என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது நாயைக் கயிற்றில் கட்டி, பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டு போக வேண்டும். போன தடவை எங்கள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சாக்குக்குள் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான், நாயும் சும்மா இருந்திருக்கிறது, கால்நடை மருத்துவர்தான் பயந்துவிட்டார்.